பாறைமேல் வைத்த வேங்கைக் கன்றுகள்

போன மே மாதம் திருத்தணி மலைக்கோயிலில், மதியம் இரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றினேன். அந்த நேரத்தில் எவனாவது சாமி கும்பிடப் போவானா என்று கேட்காதீர்கள், எனக்கு எப்போதும் புத்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நடக்க நனைத்து விரித்திருந்த சாக்கு முடிந்த இடத்தில் கல் உள்ளங்காலைச் சுட்டது. எல்லாரும் தத்தித் தத்தி ஓடினார்கள். எனக்கு ரோஸ்லின் ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

பல வருஷம் முன்பு, கே.ஜி.கண்டிகை பக்கம் ஒரு நாற்றங்காலில் அவளும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இறந்துபோன அவள் அப்பா டீக்கடை போட்டிருந்த வேங்கை மரத்தை ரோட்டுக்காக வெட்டிவிட்டார்கள். வெட்டுவதற்கு முன் அவள் பொறுக்கிய காய்களில் பன்னிரண்டு முளைத்தன. மற்ற வேங்கைகளோடு கலந்துவிடாமல் இருக்க, அந்த நாற்றுப் பைகளில் மட்டும் அம்மையார்குப்பத்துத் தறியில் மிஞ்சிய சிவப்பு நூலைக் கட்டியிருந்தாள்.

தங்கை கல்யாணத்துக்கு மணவூர் கிளம்பும்போது சொன்னாள்: "நைனா குந்திகினு இருந்த மரம்பா அது. வேற வெத கெடயாது. மூணு நாளு பாத்துக்கோ."

"ஆங், நீ போய்ட்டு வா."

மறுநாளே அந்தப் பைகள் இருந்த பாத்தியில் கரையான். எங்கள் ஊரில் புளியா, வேர்க்கடலையா, எதுவானாலும் பாறைமேல் போட்டால் பத்திரம். நானும் பன்னிரண்டு பைகளையும் பக்கத்துப் பாறைக்கு மாற்றி, மேலே நிழல்வலை கட்டினேன். இரண்டு வேளை தண்ணீர். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இலைகள் சுருண்டிருந்தன. பையின் அடியில் கை வைத்தேன், கொதித்தது. வலை இரண்டு நாளாகத்தான் இருந்தது, பாறை சித்திரை முழுக்கக் காய்ந்திருந்தது. ஒவ்வொரு பையாகக் கிழித்தேன். வேர் அத்தனையும் வெந்த கீரைத்தண்டு மாதிரி கையோடு வந்தது. இருபதடி தள்ளி, மண் தரையில், அதே வயது வேங்கைகள் நிமிர்ந்து நின்றன.

சாயங்கால ரயிலில் ரோஸ்லின் வந்துவிடுவாள். அந்த வேங்கைகளில் பன்னிரண்டை எடுத்து அவள் பாத்தியில் வைத்து, சிவப்பு நூலைக் கட்டி முடித்தபோது வாசலில் அவள் குரல் கேட்டது. நேரே பாத்திக்குத்தான் வந்தாள். குனிந்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாபா, மூணு நாள்ல ஒரு எல ஜாஸ்தியா வுட்டுகீது?"

"தண்ணி ஒழுங்கா ஊத்தனேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ராசியான கைதான் உனுக்கு."

அன்றே சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி நான், சொல்லவில்லை.

அந்த நாற்றங்கால் இப்போது வீட்டுமனை. பாறையை உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள். போன மே மாதம் திருத்தணி மலையிலிருந்து இறங்கியதும் நேரே ரோஸ்லின் வீட்டுக்குப் போனேன், இன்றாவது சொல்லிவிடுவது என்று. வாசலில் வேங்கை மாடி உயரத்துக்கு நின்றது. டீயை என் கையில் கொடுத்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள்.

"தாத்தா கட மரத்துக்கு மிச்சம் இது ஒண்ணுதான்டா. இந்த மாமாதான் காப்பாத்திக் குடுத்தாரு."

பையன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டான். நான் டீயைக் குடித்தேன்.