கிளட்ச் மிதிக்க ஒரு கால்

அக்கா பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் இருக்கும் என் மிளகுக் கடைக்கு வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை. மூன்று சக்கர வண்டி ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னாள்.

"ஆட்டோவா? வாடகைக்கு விடப் போறியா?" என்று கேட்டேன்.

"ஆட்டோ இல்லடா. இதப் பாரு."

போனை நீட்டினாள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் தடிமனாக ஒன்று. தரையோடு ஒட்டி இரண்டு சீட், காரில் இருப்பதுபோல ஸ்டியரிங். கதவு கிடையாது, கூரை கிடையாது. ரத்தச் சிவப்பு நிறம். சினிமாவில் திருடர்கள் தப்பிப் போகிற வண்டி மாதிரி இருந்தது. நான் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தேன். வெளுத்த தலை, காட்டன் புடவை, கையில் குடை. அத்தான் போன பிறகு சுள்ளிக்கல் வீட்டில் தனியாக இருக்கிறாள். மகளுக்குக் காக்கநாட்டில் ஐ.டி. வேலை, அங்கேயே ஃபிளாட்.

"என்ன விலை?"

"பதிமூணு லட்சம். அது மேனுவல். ஆட்டோமேட்டிக்னா ரெண்டேகால் லட்சம் கூட."

அந்தப் பணத்துக்குக் கதவும் கூரையும் உள்ள சின்னக் கார் இரண்டு வாங்கலாம். அதைச் சொன்னேன்.

"கார் எல்லாம் ஓட்டியாச்சு. இது வேணும்னு தோணுது, அவ்ளோதான். உன்கிட்ட காசு கேக்கல. ட்ரையல் பாக்கும்போது கூட வா, அது போதும்."

அத்தான் இருந்தபோது பழைய கார் ஒன்றை அக்காதான் ஓட்டுவாள். தோப்பும்படி நெரிசலில் லாரிகளுக்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டுவாள். செருப்புப் போட்டால் பெடல் பேசுவது தெரியாது என்பாள். அத்தான் இறந்ததும் அந்தக் காரை விற்றுவிட்டாள். அதன்பின் எல்லா இடத்துக்கும் பஸ், படகு, ஆட்டோ. அதனால் ஓட்டத் தெரியுமா என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. இந்த வயதில் இதுவா என்ற அதிர்ச்சிதான்.

ஷோரூம்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனுவல் வண்டியை என் கடை வாசலுக்கே கொண்டுவந்தார். முப்பது வயதிருக்கும், மலையாளி. நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் தானும் பாதித் தமிழில் பேச ஆரம்பித்தார். எதிர்க் கடை சாயாக்காரர் கையில் கிளாஸோடு வெளியே வந்து நின்றார். வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"சேச்சி, ஒண்ணு சொல்லட்டே? ஆட்டோமேட்டிக் நல்லதாக்கும். நம்ம ட்ராஃபிக்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு கால் போயிடும்."

"ரெண்டிலயும் இன்ஜின் ஒண்ணுதானே?"

"இன்ஜின் ஒண்ணு, கியர்பாக்ஸும் ஒண்ணு. ஆட்டோமேட்டிக்கில கிளட்சை அமுக்க ஒரு மோட்டார் வச்சிருக்கு, அதை ஓட்ட ஒரு சின்ன கம்ப்யூட்டர். இடது காலுக்கு ஒரு வேலையும் இல்ல."

அக்கா சிரித்துவிட்டாள். "அப்போ என் இடது கால் செய்யற வேலைக்கு ரெண்டேகால் லட்சம் கேக்கறீங்க. நல்ல கூத்து! எனக்குக் கால் இருக்கு. மேனுவல் மதி, அது போதும்."

வெலிங்டன் ஐலண்டில் ரோடு அகலம், ஞாயிறு என்றால் ஆள் நடமாட்டமும் குறைவு. அங்கே வரைக்கும் அவர் ஓட்டினார், பக்கத்தில் அக்கா. நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஒரு மரத்தடியில் நிறுத்தி இடம் மாறினார்கள். அக்கா ஹெல்மெட்டை மாட்டி, புடவையை இழுத்துச் செருகி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

வண்டி ஒரு முறை துள்ளி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி துள்ளி நின்றது. கியர் போடும்போது கறகறவென்று ஒரு சத்தம், கேட்கவே பல் கூசியது.

"கிளட்ச் முழுசா அமுக்கணும் சேச்சி."

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க வண்டிதான் செரியில்ல."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லாரிக்கு நடுவே ஓட்டின அக்கா இது இல்லை. புது வண்டி, பழகவில்லை, அதுதான் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போய்க் குனிந்தேன். சீட் தரையோடு இருப்பதால் உள்ளே நன்றாகத் தெரிந்தது. அக்காவின் இடது கால் கிளட்சின் மேல் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி, பெடலுக்கும் பக்கத்தில் இருந்த இரும்புத் தகட்டுக்கும் நடுவே செருகிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் ஓரம் கிழிந்து, தரை விரிப்பு முழுக்க ரத்தம்.

"அக்கா, காலை எடு! ரத்தம்!"

"எங்கே?" என்று அவள் என் கையைப் பார்த்தாள். எனக்குத்தான் அடிபட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

"உன் கால்ல."

அப்புறம்தான் குனிந்து பார்த்தாள். "வலிக்கவே இல்லையேடா" என்றாள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஷோரூம்காரர் வெளிறிப்போய்ப் பஞ்சும் தண்ணீர் பாட்டிலுமாக ஓடிவந்தார். அவர் துடைத்தார். மருந்து வைத்தார். அக்கா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டார்.

"தொடும்போது சொல்லுங்க."

அக்கா காத்திருந்தாள். அவர் கட்டைவிரலைத் தொட்டார், நடுப் பாதத்தைத் தொட்டார், குதிகாலைத் தொட்டார். அக்கா கண்ணை மூடியபடியே, "டாக்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். டாக்டர் வலது காலுக்கு மாறினார். அங்கே விரல் நுனிகள் தவிர மற்ற இடத்திலெல்லாம் அக்கா "ஆமா" என்றாள்.

ரிசல்ட் வந்தபோது, சர்க்கரை பல வருஷமாகவே இருந்திருக்கும் என்றார். அக்கா வாழ்நாளில் சோதித்துப் பார்த்ததே இல்லை. இனிப்பு பிடிக்காது, உடம்பும் ஒல்லி, நமக்கு எப்படி வரும் என்ற எண்ணம். அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. "ட்ரையல் பாக்கலேன்னா கொப்புளமோ ஆணியோ பட்டு அழுகின பிறகுதான் வந்திருப்பீங்க" என்றார் டாக்டர். மகள் காக்கநாட்டிலிருந்து வந்து, அம்மாவைத் திட்டி, அழுது, திரும்பத் திட்டினாள்.

வண்டிப் பேச்சு அதோடு முடிந்தது என்றே நானும் மகளும் நினைத்தோம். அக்கா மாத்திரையும் நடையுமாகச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாள். தினமும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்ப்பாள். மழைக்காலம் கழிந்து ஒரு நாள் டாக்டரிடமே நேராகக் கேட்டாள்.

"வலது காலை மட்டும் வச்சு ஓட்டலாமா?"

அவர் அந்தக் காலைத் திரும்பச் சோதித்தார். பெடலை அமுக்குகிற மாதிரி தன் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொன்னார். மெல்ல, வேகமாக, பிறகு சட்டென்று எடுக்கவும் சொன்னார். கடைசியில், "ஷூ போட்டு, ஆட்டோமேட்டிக் மட்டும், கொஞ்ச தூரம். மாசா மாசம் இந்தக் காலைக் கொண்டுவந்து காட்டணும்" என்றார்.

அன்று சாயந்திரமே ஷோரூமுக்குப் போன் போட்டாள். இடையில் விலை ஏறியிருந்தது. ஆட்டோமேட்டிக் இப்போது பதினாறு லட்சம். "கொள்ளைடா, பட்டப்பகல் கொள்ளை" என்று என்னிடம் கத்தினாள். அடுத்த வாரம் பணம் கட்டினாள்.

வண்டி வந்ததும் முதலில் என் கடைக்குத்தான் ஓட்டிவந்தாள். வெள்ளை ஷூ, ஹெல்மெட், அதே காட்டன் புடவை. ஒரு துள்ளல் இல்லாமல் வந்து நின்றது. லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த சேட்டன்மார் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களில் பெரியவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, "சேச்சி, எந்தா விலை?" என்று கேட்டார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூசாமல் பாதி விலையைச் சொன்னாள்.

அதைக் கேட்டதற்கே அவர் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "என்டம்மே!" என்றார்.