கழன்று போன குழாய்

2009ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. அப்போது நாங்கள் லண்டனில், ஹவுன்ஸ்லோ பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். விமானங்கள் கூரையை உரசுவது போலப் போகும் தெரு. நானும் கணவரும் மட்டும்தான். அவர் விமான நிலையத்தில் சரக்கு வண்டி ஓட்டினார்.

லண்டனுக்கு வருவதற்கு முன் அவர் ஜெர்மனியில் பல வருடம் இருந்தவர். அங்கேதான் வீட்டிலேயே பியர் தயாரிக்கப் பழகினார். எனக்கு அது துளியும் பிடிக்காது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிற வீட்டில் இதென்ன வேலை என்று சண்டை கூடப் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்த வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. மே மாதம் ஊரில் போர் முடிந்த பிறகு, வன்னியில் இருந்த அவருடைய தம்பி குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்தபடி இருப்பார். கோடை முடியும் நேரத்தில் ஒருநாள் தானாகவே கராஜைத் திறந்து, பழைய பியர்ப் பானைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினார். மனிதர் ஏதோ ஒன்றில் கை வைத்தாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

எங்களுக்கு நிம்மதி, பக்கத்து வீட்டுக்கு இல்லை. அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி தனியாக இருந்தார். பியர் கொதிக்கிற மணம் தன் வீட்டுக்குள் வருகிறது என்று கவுன்சிலுக்கு முறையிட்டிருந்தார். வேலிக்கு மேலால் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் அப்படித்தான்.

பியருக்கான பார்லிச் சாற்றைக் கொதிக்க வைத்தால் மட்டும் போதாது, உடனே குளிர வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பழுதாகிவிடும். அதற்காக என் கணவர் ஒரு சின்னப் பம்ப் வைத்திருந்தார். ஐஸ் தண்ணீர் வாளிக்குள் செம்புக் குழாய்ச் சுருள் ஒன்று இருக்கும். பம்ப் அந்தச் சுருளுக்குள்ளால் கொதிசாற்றைத் தள்ளிவிட, மறுபக்கம் ஆறிப்போய் வரும். வேலை முடிந்ததும் அதே பம்பால் சுடுதண்ணீரும் கழுவும் தூளும் ஓடவிட்டுக் குழாய்களின் உட்புறத்தைக் கழுவுவார்.

அந்தச் சனிக்கிழமை கழுவும் தூள் முடிந்திருந்தது. சிங்க் அடைத்தால் போடுவதற்கு வாங்கி வைத்த காஸ்டிக் சோடாவைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"கவனமப்பா, கையில படப் போகுது" என்றேன்.

"கிளவுஸ் போட்டிருக்கிறன். நீர் பயப்பிடாதையும்" என்றார்.

கைக்குக் கிளவுஸ் இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

நான் குசினிக்குத் திரும்பி மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பம்ப் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் மாறி முனகுவது போல வந்தது. அதன்பின் அவருடைய அலறல்.

கராஜுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். குழாய்க்குள் ஏதோ அடைத்திருக்கிறது. என்னவென்று பார்க்க அவர் குனிந்த நேரம், சூட்டில் இளகிப்போயிருந்த பிளாஸ்டிக் குழாய் பம்பிலிருந்து கழன்றுவிட்டது. கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீர் முழுவதும் முகத்தில். பம்ப் இன்னும் ஓடி, சுவரெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். அவர் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுழன்றார்.

"ஐயோ, எரியுது! எனக்கொண்டும் தெரியேல்லை!"

நான் போனில் அவசர உதவியை அழைத்தேன். அவர்கள் கேட்டதற்கு எனக்கு ஆங்கிலமே வரவில்லை. காரில் கொண்டு போய்விடலாம், ஆஸ்பத்திரி கிட்டத்தானே என்று அவரை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தேன். அங்கே பக்கத்து வீட்டுப் பெண்மணி நின்றார். அலறல் கேட்டுப் பக்கத்துக் கதவால் வந்திருக்கிறார். என் கையிலிருந்த போனை வாங்கிக் காதில் வைத்து விலாசத்தைச் சொன்னார். "கார் வேண்டாம், தண்ணீர், தண்ணீர்" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கத்திக்கொண்டே தோட்டக் குழாயைத் திறந்து, என் கணவரைப் புல்லில் தள்ளி விழுத்தித் தலைமாட்டில் முழங்காலிட்டார். போனை என்னிடம் தந்துவிட்டு, விரல்களால் அவருடைய இமைகளை விரித்துப் பிடித்துத் தண்ணீரை ஓடவிட்டார்.

நெருப்பில் போட்ட மாதிரி அவர் துடித்தார். "விடச் சொல்லும், என்னாலை ஏலாது, விடச் சொல்லும்!" என்று என்னிடம் கெஞ்சினார். கையை வீசியதில் முழங்கை அந்த அம்மாவின் வாயில் பட்டது. உதடு கிழிந்து இரத்தம் நாடியால் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. கணவரின் காலைப் பிடி என்று எனக்குச் சைகை காட்டினார். நான் போனைப் புல்லில் போட்டுவிட்டு, என் கணவரின் கால்கள் மேல் விழுந்து அமர்த்திப் பிடித்துக்கொண்டு அழுதேன். மேலே விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன. அம்புலன்ஸ்காரர்கள் வந்து தோளில் தொடும்வரை அந்த அம்மா கையை விடவில்லை.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணைப் பல மாதம் வைத்தியம் செய்து காப்பாற்றினார்கள். உடனே கழுவியிருக்காவிட்டால் அதுவும் இருந்திருக்காது என்றார் டொக்டர். வண்டி ஓட்டும் வேலை அதோடு முடிந்தது. பானை, பம்ப் எல்லாவற்றையும் கவுன்சில் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டோம். அவர் மறுபடியும் சுவருக்கு முன்னால் இருக்கத் தொடங்கினார். தம்பி குடும்பத்தைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

கண்கட்டோடு அவர் வீட்டில் இருந்த நாட்களில் ஒருமுறை அந்த அம்மா வந்தார். உதட்டில் தையல் போட்ட அடையாளம். இவர் தடவித் தடவி அவருடைய கையைப் பிடித்து, உங்களை அடித்துவிட்டேனாம், மன்னியுங்கள் என்று ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "பரவாயில்லை, பல்லெல்லாம் எப்போதோ பொய்ப்பல்தான்" என்றார் அவர். என் கணவர் சிரித்தார். அந்த வருடத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். பியர் மணம் பற்றி அந்த அம்மாவும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அடுத்த வருடம் அந்த அம்மா தன் மகனிருக்கும் ஊருக்குப் போய்விட்டார். பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

இரக்கம் என்றால் மெதுவாகப் பேசும், ஆறுதலாகத் தடவிக்கொடுக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என்னோடு முகம் கொடுத்தும் பேசாத ஒரு மனுஷி, வாயில் இரத்தம் ஒழுக, என் கணவர் கெஞ்சக் கெஞ்ச அவரை இறுக்கிப் பிடித்திருந்ததை நினைக்கும்போதெல்லாம், என் கணவர் இன்றைக்கு என்னைப் பார்க்கிற அந்த ஒரு கண் அந்தப் பிடியில்தான் மிஞ்சியது என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.