கால்விரலைப் பார்த்துக்கொண்டு

மகன் காருக்கடியில் படுத்திருக்கிறான். எஞ்சின் ஆயில் வாடை வந்ததும் நான் அவன் கால்மாட்டில் வந்து நிற்கிறேன்.

சங்கரன்கோவிலில் அப்பா வாடகைக் கார் ஓட்டினார். ஆயில் ஒழுகினால், காரை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினைத் துடைத்து, அம்மாவின் கோலமாவைத் தூவுவார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அடியில் நுழைவார். மாவு நனைகிற இடம்தான் ஒழுகுகிற இடம். அந்தச் சத்தத்தில் நாங்கள் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது.

“ஏட்டி, அப்பா கால்விரல் ஆடுதான்னு பாத்துக்கிட்டே இரு” என்பாள் அம்மா.

ஒருநாள் விரல் நின்றுவிட்டது. நான் அலறினேன். அம்மா ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தாள். மாவு அப்பிய முகத்தோடு வெளியே வந்தார் அப்பா.

“நட்டு லூசு, அதைத்தான் உத்துப் பாத்தேன். அதுக்குள்ள எனக்கு ஒப்பாரியா?”

அம்மா பிடித்த காலை விடவே இல்லை.

“ஏலே, விரலை ஆட்டிக்கிட்டே இரு” என்கிறேன் மகனிடம்.

“ஆட்டுதேன். நீங்க உள்ள போங்கம்மா.”

நான் போகவில்லை.