துண்டைச் சுருட்டி ஓட்டிய ஆட்டோ

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. அரசு ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். விடாமல் பயிற்சி கொடுத்தால்தான் கை, கால் திரும்பும் என்றார்கள். எங்கள் வீடோ மூன்றாவது மாடி. அவரைத் தூக்கி இறக்க ஆளில்லை. ஜாக்கெட் தைத்து நான் சம்பாதிப்பதில் தனியார் பயிற்சியாளரை வீட்டுக்கு வரவழைக்கவும் முடியாது. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், யாரோடும் பேசுவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள், பக்கத்து வீட்டம்மாவுக்கு சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்த சுகாதாரப் பணியாளர், திறந்திருந்த கதவு வழியாக இவரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து விசாரித்தார். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க அரசே ஆள் அனுப்பும், காசு வேண்டாம் என்றார். இதெல்லாம் சுவரில் எழுதி வைப்பதோடு சரி என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாரமே ஓர் இளம்பெண் பிசியோதெரபிஸ்ட் வந்து நின்றார்.

என் கணவர் கையையே கொடுக்கவில்லை. "இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? என் கதை முடிஞ்சுபோச்சு."

அந்தப் பெண் வாதாடவில்லை. ஒரு துண்டைச் சுருட்டி இவர் வலது கையில் வைத்து, மேலே தன் கையால் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இதுதான் ஆக்சிலேட்டர். நான் சவாரி. அடையாறு பாலம் ஏறணும், முறுக்குங்க."

விரல் அசையவில்லை. ஆனால், "மீட்டருக்கு மேல கேப்பேன், பரவால்லியா?" என்று இவர் குழறலாகக் கேட்டார். நான் தையல் மெஷினை விட்டு எழுந்து, சமையல்கட்டில் போய் நின்று அழுதேன்.

அந்தப் பெண் வாராவாரம் வந்தார். இடைப்பட்ட நாட்களில் செய்யவேண்டியதை எனக்கும் கற்றுக்கொடுத்தார். ஒரு மழைநாளில் தெருவில் முழங்காலளவு தண்ணீர். அன்றும் நனைந்துபோய் வந்து நின்ற அவரைப் பார்த்து இவர் பதறிவிட்டார். "இந்த மழைல ஏம்மா வந்தே? ஒருநாள் வுட்டா இன்னா ஆயிடப்போவுது?"

"விட்டா கை மறந்துடும் அண்ணே."

அதன்பிறகு இவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானாகவே செய்ய ஆரம்பித்தார்.

கையின் பிடி முழுதாகத் திரும்பவில்லை. ஆட்டோவை விற்றுவிட்டோம், அதில் இவருக்கு வருத்தம்தான். ஆனால் மெல்ல நடக்கிறார், தானே குளிக்கிறார், தானே சாப்பிடுகிறார். கோபாலபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் உட்கார்ந்து காவல் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. இனி வரத் தேவையில்லை என்று அந்தப் பெண் விடைபெற்ற நாளில், "இரும்மா, கீழ வரைக்கும் வுட்டுட்டு வரேன்" என்று கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மூன்று மாடியும் கூடவே இறங்கினார்.

சிபாரிசுக்கு நாங்கள் யாரிடமும் போகவில்லை, யார் காலிலும் விழவில்லை. கேட்காமலே படியேறி வந்த அந்த உதவியை நினைக்கும்போதெல்லாம், நாங்கள் விழுந்தால் திரும்பிப் பார்க்க இந்த ஊரில் ஆள் உண்டு என்ற தெம்பு இன்றும் எனக்கு வருகிறது.