யாரோ வெட்டிய கை

முதலியார்பேட்டையின் வரலாற்றை எழுத, நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தினமும் எதிரில் அமர்ந்து படிப்பவருக்கு வலக்கை மணிக்கட்டோடு முடிந்திருக்கும். அந்த மொட்டைக் கையால் தாளை அழுத்திக்கொண்டு இடக்கையால் புரட்டுவார்.

அன்று நான் விரித்த பக்கத்தில், ஆலை வேலைநிறுத்தக் கலவரத்தில் தொழிலாளி ஒருவரின் கையை யாரோ துண்டித்ததாகச் செய்தி இருந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"யாரோ இல்ல சார், என் தங்கச்சி புருஷன். ஸ்ட்ரைக்க மீறி நான் வேலைக்குப் போறேன்னு கத்திய எடுத்துட்டான். ரெண்டாவது வெட்டுலதான் எலும்பு வுட்டுச்சு."

"போலீஸ்ல சொல்லலியா?"

"தங்கச்சி மாசமா இருந்தா."

"இப்ப அவரு?"

"கீழ வண்டியோட நிக்கிறான். அவன்தான் தெனம் கூட்டியாறான்."

அவர் இறங்கிப் போனதும் சன்னல் வழியே பார்த்தேன். வண்டியருகே நின்று மோவாயை நிமிர்த்திக் கழுத்தைக் காட்டினார். கிழவர் ஒருவர் அவருடைய ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டார். அப்படிக் கழுத்தை நீட்ட எனக்கு வருமா என்று தெரியவில்லை.