லாரியை விட்டவன்

ஓடிப்போகிறவன், வாசலில் வந்து ஹாரன் அடித்த லாரியை விட்டுவிடுவானா? மாமனார் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாராம், இவன் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ஓடினானாம். தெருவே மெல்லுகிறது. மெல்லட்டும். நடந்தது வேறு.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போலத் திரிவதால் அவனுக்குப் பெயரே வெந்நீர். மாமனாரின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். துறைமுகத்தில் படகு எஞ்சின் வேலைக்குக் கூப்பிட்டதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. மாமனார் ஒன்றுதான் சொன்னார்:

“ஷெட்ல நிக்கிற வேனை முடிச்சுட்டுப் போங்க மாப்பிள்ளை. அரைகுறையா விட்டா நீங்க மட்டும் போங்க. என் பொண்ணு இங்கயே இருப்பா.”

வேனுக்கு நாலு சிலிண்டர். வேகமாக ஓடினால் சரியாக இருக்கும், நின்றால் திணறும். வெந்நீர் பிளக், வயர், பாயிண்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினான். திணறல் போகவில்லை. சாயங்காலம் துறைமுகத்துக்குப் போகிற லாரி வந்துவிடும், மூட்டையும் கட்டியாயிற்று. கார்பரேட்டரைக் கழற்றப் பாய்ந்தவனின் கையை மனைவி பிடித்தாள்.

“அதைத் தொடாதீங்க. நாலுக்கும் அதுதானே பெட்ரோல் ஊத்துது? அது கெட்டா நாலும் சேர்ந்துல்ல இருமணும்!”

“நாலும்தான் இருமுதோ என்னமோ!”

“என்னமோன்னு ஏன் சொல்றீங்க? ஒவ்வொரு வயரா எடுத்துப் பாருங்க.”

முதல் வயரை எடுத்ததும் எஞ்சின் துவண்டது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதை எடுத்தபோது சத்தம் இம்மியும் மாறவில்லை; அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாமல்தான் கிடந்தது.

“சிக்கினான்!” என்று குதித்தான்.

அந்தப் பிளக்கை முதல் சிலிண்டருக்கு மாற்றினால் அங்கே நன்றாகவே அடித்தது. வயரில் பொறி நீலமாக வந்தது. பிளக் துளையை அவன் கட்டைவிரலால் அடைக்க, அவள் சாவியைத் திருகினாள். காற்று விரலைத் தள்ளியது. உள்ளே பழுதில்லை. பிறகு அவன் பிளக்கை மாட்டி எஞ்சினை ஓடவிட, அவள் சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து, பெட்ரோலும் காற்றும் போகும் குழாய் மூன்றாவது சிலிண்டரோடு சேரும் இடத்தில் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இழுபட்டது. ஒரு கணம் எஞ்சின் சீராக ஓடி, மறுபடி திணறியது. அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று களவாக நுழைந்துகொண்டிருந்தது.

“அந்த இடுக்கை அடைக்கிற பேக்கிங் யார் மாட்டினது?” என்றார் மாமனார், ஷெட் வாசலிலிருந்து.

வேறு யார்? போன மாதம் அவசரத்தில் ஒரு பக்க நட்டை முழுசாக முறுக்கிவிட்டு மறுபக்கம் தாவிய வெந்நீர்தான். பேக்கிங் பிதுங்கிக் கிழிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹாரன். “டேய் வெந்நீர்! ஏறுறியா, ஆறிப்போறியா?” என்றார் லாரிக்காரர்.

அவன் வாசலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். “நீ போண்ணே.”

புதுப் பேக்கிங் வெட்டி, நட்டுகளை இங்கொரு சுற்று அங்கொரு சுற்றாக, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். வேன் நின்ற இடத்தில் திணறாமல் ஓடியது.

“இப்பவாவது சூடு தணிஞ்சுதா மாப்பிள்ளை?”

“இல்ல மாமா. காலைல பஸ் எத்தனை மணிக்கு?”

மறுநாள் மகளின் பெட்டியை மாமனாரே தூக்கிவந்து வாசலில் வைத்தார். துரத்துகிறவர் செய்கிற காரியமா இது? வெந்நீர் அதற்குள் படியிறங்கித் தெருமுனைக்கே போய்விட்டான்.

“பெட்டியை யாரு எடுக்கிறது?” என்று கத்திக்கொண்டே அவளும் இறங்கினாள்.