உள்ளே போனவர் குரல் கொடுக்க வேண்டும்

கரண்ட் போய்விட்டது. நேமத்தான்பட்டியில், கட்டு கட்டாகப் பின்னால் நீளும் ஒரு பெரிய வீடு, மதிய நேரம். மேசையில் சாகக் கிடந்த ஹார்ட் டிஸ்க்கில், வீட்டுக்கார ஆச்சியின் இறந்துபோன மகள் மீனாள் பேசும் ஒரே வீடியோ. பாதியில் நின்றால் அந்த டிஸ்க் மறுபடி சுற்றாது.

நான் எழுதிய கமாண்ட்-லைன் டூல்தான், எழுத்து மட்டுமே வரும் திரையில் ஓடும் சின்ன புரோகிராம், காப்பி எடுத்துக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடும் டூல் வாயே திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். காலையிலிருந்து கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஓடுதா நின்னுபோச்சா தம்பி? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதே" என்றார் ஆச்சி.

"ஓடுது ஆச்சி. ஒயரைத் தொட்றாதீக."

எல்லாம் இன்வர்ட்டரில் ஓடியது; அது தாங்குமா என்று பார்க்க, அது இருந்த இரண்டாம் கட்டுக்குக் கிளம்பினேன்.

"உள்ள போனா அப்பப்ப கொரல் குடுங்க. எங்க வீட்டு வழக்கம். இம்புட்டுப் பெரிய வீட்ல ஆளு விழுந்து கெடந்தாலும் தெரியாது."

போன இடத்தில் மறந்துவிட்டேன். முன்கட்டிலிருந்து ஆச்சி "இருக்கீகளா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், எனக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த மூன்றாம் கட்டிலிருந்து ஒரு பெண்குரல் சாவகாசமாகச் சொன்னது: "இருக்கேன் ஆத்தா."

ஓடி வந்தேன். ஆச்சி ஒயரிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"செத்துப்போச்சுன்னு பிடுங்கப் போனேன். இருக்கேன்னு கேட்டுச்சு, விட்டுட்டேன்."

"வீட்ல வேற யாரு ஆச்சி?"

"நீங்களும் நானுந்தேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் காப்பி முடிந்தது. வீடியோவில் ஆச்சி முன்கட்டிலிருந்து கூப்பிடுகிறார். உள்ளிருந்து மீனாள், "இருக்கேன் ஆத்தா." அதே குரல், அதே சாவகாசம். ஆச்சி அழுதுகொண்டே, "இன்னொரு தடவ போடுங்க தம்பி" என்றார்.

புதிதாக டூல் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஓரிரு நொடிக்கு மேல் இழுக்கும் வேலை என்றால் திரையில் ஏதாவது காட்டுங்கள். மொத்தம் தெரிந்தால் சதவீதம். தெரியாவிட்டால் இதுவரை படித்த அளவு. வெளியீடு திரைக்கு வராமல் ஃபைலுக்கோ இன்னொரு புரோகிராமுக்கோ போனால் மட்டும் சும்மா இருக்கலாம். சத்தமில்லாத டூலை மனிதர்கள் செத்துவிட்டதாக நினைத்துக் கொன்றுவிடுவார்கள்.

என் டூல் இப்போது அவ்வப்போது "இருக்கேன்" என்று ஒரு வரி போடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.